15 வயது மகன் ஏழு நாள் தங்க வருகிறான்: வீட்டையும் நாளையும் எப்படித் தயார் செய்வது?

புக்கிட் பாத்தோக் அப்பா

வணக்கம். மகனுக்கு 15 வயது, உயர்நிலை மூன்று. ஜூன் விடுமுறையில் ஏழு இரவு என்னோடு தங்குவதாக ஏற்பாடு. விவாகரத்துக்குப் பிறகு இதுவரை சனிக்கிழமை பகல் ஆக்சஸ் (பிள்ளையைச் சந்திக்கும் உரிமை) மட்டும்தான், இரவு தங்குவது இதுவே முதல்தடவை. நான் இருப்பது வாடகைக்கு எடுத்த ஈரறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு: ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சின்ன சமையலறை. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், அப்பாவோடு இருந்தால் நேரம் போவதே தெரியவில்லை என்று அவனுக்குத் தோன்ற வேண்டும்.

யோசித்து வைத்திருப்பவை: அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பது அல்லது பாசிர் ரிஸ் பக்கம் ஷாலே (விடுமுறை விடுதி). ஒருநாள் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாரு. புதிய கேமிங் கன்சோல். ஒருவேளையாவது நானே சமைத்துப் போடுவது. எது சரி, எது வீண் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சட்டப்படி

ஜொகூர் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம், அதில்தான் சிக்கல் வரும். பிள்ளையின் கஸ்டடி குறித்த உத்தரவு நடப்பில் இருந்தால், மாதர் சாசனத்தின் (திருமணம், விவாகரத்து பற்றிய சிங்கப்பூர்ச் சட்டம்) 126ஆவது பிரிவுப்படி, பிள்ளையைச் சிங்கப்பூருக்கு வெளியே அழைத்துப்போக இரு பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். ஒரு மாதத்துக்குக் குறைவான பயணத்துக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அது கேர் அண்ட் கண்ட்ரோல் (பிள்ளையின் அன்றாடப் பராமரிப்பு) யாரிடம் இருக்கிறதோ அவருக்கானது. ஆக்சஸ் மட்டும் உள்ளவருக்குப் பொருந்தாது. காலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி மாலையில் திரும்பினாலும் இதே விதிதான். "பையனே வரேன்னு சொன்னான்" என்பது சம்மதமாகாது.

போகத்தான் வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே அவன் அம்மாவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தத் தேதி, எந்தச் சோதனைச்சாவடி, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது, கடப்பிதழ் எப்போது கைமாறும், எப்போது திரும்பக் கொடுக்கப்படும் என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுங்கள். பதில் கிடைத்த பிறகே மகனிடம் பேச்செடுங்கள். அவனிடம் முதலில் சொல்லிவிட்டால், அம்மா மறுக்கும்போது அவன் நடுவில் நசுங்குவான். (விவாகரத்து ஷரியா நீதிமன்றத்தில் நடந்திருந்தால் அங்கு கிடைத்த உத்தரவின் வாசகத்தைப் பாருங்கள்.)

அடுத்து, ஒரு வார வாடகை வீடு. வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும், தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக்கூடாது. இணையத்தில் யாராவது ஒரு வாரத்துக்குத் தருகிறேன் என்றால் அது விதிமீறல். அதில் பிள்ளையைத் தங்கவைக்க வேண்டாம்.

இன்னொன்று. நீதிமன்ற ஆணையை எடுத்து ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். பல உத்தரவுகளில் "பள்ளி விடுமுறையில் பாதி" என்று மட்டும் இருக்கும். எந்தப் பாதி, எத்தனை மணிக்கு ஆரம்பம், எங்கே கைமாற்றம் என்று இருக்காது. ஜூன் விடுமுறை நான்கு வாரம், அதில் எந்த ஏழு இரவு என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அழைத்துவரும் நேரமும் கொண்டுவிடும் நேரமும் கால்மணிகூடப் பிசகாமல் நடந்தால், அடுத்த விடுமுறையைப் பற்றிப் பேசுவது எளிதாகும்.

ஜூரோங் கண்ணன்

அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க. ஒரு வாரம்தானே. கன்சோல் வாங்கிடுங்க, யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு ஒருநாள் போங்க, ஷாலேல ரெண்டு நாள் பார்பிக்யூ போடுங்க. இந்த வயசுப் பசங்களுக்கு அதுதான் பிடிக்கும். வீட்ல உட்கார வச்சா கைப்பேசியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பான்.

ஆசிரியை மேற்கு

கண்ணன் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. இரவு தங்கும் முதல் வாரத்தில் பையன் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா? ஷாலேயில் தங்கினால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அது எல்லோரும் போய்வரும் இடம். ஈரறை வீடு போதும், அதில் அவனுக்கென்று ஒரு பகுதி இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

படுக்கையறையை அவனுக்கு விட்டுவிட்டு நீங்கள் கூடத்தில் படுங்கள். 15 வயதில் மூடிக்கொள்ளக் கதவு ஒன்று வேண்டும். உடைமாற்ற, நண்பர்களோடு பேச, சும்மா இருக்க. கூடத்துக்கு மூன்றாக மடியும் மெத்தை போதும், தடிமன் 10 செண்டிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். அதைவிட மெல்லியதில் இரண்டாம் இரவே இடுப்பு தரையில் இடிக்கும். அவன் கட்டிலுக்குப் புதிய விரிப்பு வாங்குமுன் மெத்தையை அளந்துகொள்ளுங்கள். சிங்கிள் 91 செண்டிமீட்டர் அகலம், சூப்பர் சிங்கிள் 107. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கினால் விரிப்பின் மூலை கழன்றுகொண்டே இருக்கும்.

அலமாரியில் ஓர் இழுப்பறையை முழுதாகக் காலி செய்யுங்கள். பாதி காலியாக இருந்தால் அவன் பையிலிருந்தே துணியை எடுத்து உடுத்துவான், வாரம் முழுவதும் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போவான். கட்டில் தலைமாட்டுக்கு எட்டும்படி பிளக். குளியலறையில் அவனுக்கென்று ஒரு கொக்கி, ஒரு துண்டு. பிறகு சாவி. வீட்டுச் சாவி ஒன்றை நகலெடுத்து, வந்த அன்றே கையில் கொடுங்கள். "பத்திரம், தொலைச்சிடாதே" என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். இதற்கு ஆகும் செலவு கன்சோல் விலையில் ஒரு துளி.

படிப்பு விஷயத்தில் கவனம். 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள்தான் 2027ல் முதல் எஸ்இசி தேர்வை (உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகும் தொகுதி. உங்கள் மகன் அதில்தான் வருகிறான். "நீ எக்ஸ்பிரஸா, நார்மலா?" என்று கேட்டுவிடாதீர்கள், அந்தப் பிரிவு அவர்களுக்கு இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலை இருக்கும், ஒரே மாணவன் கணிதத்தை ஜி3லும் தமிழை ஜி2லும் எடுக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு பேசினாலே, நம் உலகம் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிடும்.

ஜூனில் கூடுதல் வகுப்பும் சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை) பயிற்சியும் இருக்கக்கூடும். பட்டியலை அவனிடமே வாங்கிக்கொண்டு மிச்ச நாட்களில் திட்டம் போடுங்கள். பள்ளி மடிக்கணினியைக் கொண்டுவருவான். அதில் பள்ளியின் மேலாண்மைச் செயலி இருக்கும். பள்ளி நேரத்துக்குப் பிந்திய கட்டுப்பாடுகள் பெற்றோர் தெரிவின்படி அமைந்தவை, அநேகமாக அவன் அம்மா தேர்ந்தெடுத்தவை. "நான் எடுத்துவிடுறேன்" என்று தாராளம் காட்டாதீர்கள். அன்றிரவே சண்டையாகும்.

தூக்கம்: இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், உடற்கடிகாரமும் பின்னுக்குத் தள்ளிப்போயிருக்கும். விடுமுறையில் காலை ஏழு மணிக்கு எழுப்பி ஊர்சுற்றக் கிளப்பினால் பகல் முழுவதும் முகம் தூக்கித்தான் இருக்கும். அதை உங்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏழு நாளில் ஒரு நாளை அவன் நண்பர்களுக்கென்று விட்டுவிடுங்கள். யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு அவர்களோடு போவதைத்தான் அவன் விரும்புவான்.

கிரீஸ் கை

ஒரு வாரத்துக்கு ஒரு வேலை இருக்கட்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் அழுக்குப்பட, முகத்தைப் பார்க்காமல் செய்கிற வேலை. எதிரெதிரே உட்கார்ந்து "சொல்லுப்பா, பள்ளி எப்படி?" என்றால் "ஓகே" தவிர எதுவும் வராது. சைக்கிள் பழுதுபார்ப்பு இதற்கு நன்றாகப் பொருந்தும். செலவு குறைவு, இரண்டு மாலையில் முடியும், மூன்றாம் நாள் ஓட்டிப் பார்க்கலாம்.

பழைய மலைச்சைக்கிள் போதும். ஆனால் புளோக்கடியில் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று எதையும் எடுத்துவிடாதீர்கள். அதற்கு உரியவர் இருப்பார், இல்லாவிட்டால் நகர மன்றம் அகற்றும். வாங்குவதானால் அவன் உயரத்தைக் கேட்டுக்கொண்டு, சட்டகத்தின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் மேல்கம்பிக்கும் அவனுக்கும் இடையே குறைந்தது ஐந்து செண்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி பாருங்கள்.

கருவிகள்: அல்லன் சாவித் தொகுப்பு (முக்கால்வாசி வேலை 5 மில்லிமீட்டரில் முடியும்), பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், பிளாஸ்டிக் டயர் நெம்புகோல் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, அளவுமானி வைத்த காற்றுப் பம்பு, செயின் எண்ணெய், பழந்துணி, ரப்பர் கையுறை இரண்டு ஜோடி. பொதுத் தாழ்வாரத்தில் கடைபரப்ப வேண்டாம், அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாலை, செயின். இந்த ஊர் ஈரக்காற்றில் முதலில் துரு ஏறுவது அதுதான். கழுவுமுன் அளந்து பாருங்கள். ஓர் ஆணியின் நடுவில் அளவுகோலின் பூச்சியத்தை வையுங்கள். புதிய செயினில் 12 அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு சரியாக விழும். அது ஓர் அங்குலத்தில் 16ல் ஒரு பங்கு தள்ளி விழுந்தால் செயினை மாற்றும் நேரம். 8ல் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் பின்பக்கப் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் ஏற்றத்தில் அழுத்தும்போது வழுக்கி வழுக்கிக் குதிக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இந்த அளவெடுப்பை அவனையே செய்யச் சொல்லுங்கள்.

செயின் நன்றாக இருந்தால், பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பிரஷால் தேய்த்து அலசி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு எண்ணெய் போட்டால் உள்ளே துருதான் வளரும். எண்ணெய், கண்ணிக்கு ஒரு சொட்டு, உள்பக்கமாக. பெடலைப் பின்னோக்கி இருபது முப்பது சுற்று சுற்றி, பிறகு வெளியே தெரிகிற எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். வேலை செய்வது உள்ளே போன எண்ணெய். வெளியே நிற்பது மண்ணைத்தான் பிடிக்கும்.

இரண்டாம் மாலை, டயர். ட்யூபைக் கழற்றி காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் ஓட்டை. உப்புத்தாளால் ஒட்டுத்துண்டைவிடக் கொஞ்சம் அகலமாகத் தேய்த்து, ரப்பர் பசையை மெல்லியதாகப் பூசி, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பத்தில் ஒன்பது ஒட்டு பிய்வது இந்த இடத்தில்தான், பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுகிறார்கள். பளபளப்புப் போய், விரல்முனையில் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

ட்யூபைத் திரும்பப் போடுமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்ளோ கம்பித்துண்டோ இருக்கும். அதை எடுக்காமல் மூடினால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர், அவன் பஞ்சர் பார்த்ததே வீணானதுபோல் ஆகிவிடும். அடுத்தடுத்து இரட்டை ஓட்டை இருந்தால் முள் தேட வேண்டாம். காற்றுக் குறைவாக இருந்து மேட்டில் ஏறியதில் ரிம் கடித்த ஓட்டை அது. டயரின் பக்கவாட்டில் அழுத்த அளவு அச்சடித்திருக்கும், பூங்கா இணைப்புப் பாதைக்கு அதன் நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கப் பெடலின் திருகு மறுதிசை. வலத்தைப் போலவே திருப்பி மல்லுக்கட்டினால் புரியே போய்விடும். இருக்கை உயரம்: குதிகால் பெடலில், பெடல் அடியில், கால் நேராக. அந்த உயரம் சரி. பசங்கள் தாழ்வாக வைத்து ஓட்டி முழங்கால் வலிக்கிறது என்பார்கள்.

முக்கியமான ஒன்று. அவனுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கலாம், காணொளி பார்த்துக் கற்றிருப்பான். தெரிந்ததை அவன் செய்யட்டும், ஸ்பேனரை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். அவன் கையிலிருந்து பிடுங்கி "இப்படிச் செய்" என்றால் அந்த மாலை அங்கேயே முடிந்தது.

புக்கிட் பாத்தோக் அப்பா

எல்லோருக்கும் நன்றி. அறையை அவனுக்கு விடுவது முடிவாகிவிட்டது, ஷாலே இல்லை. அவனிடமே ஒரு சைக்கிள் இருக்கிறது, டிஸ்க் பிரேக் வைத்தது. ஆனால் அது ஈசூனில் அவன் அம்மா வீட்டடியில். எப்படிக் கொண்டுவருவது? பிரேக் பயங்கரமாகச் சத்தம் போடுகிறது என்றும் சொன்னான். சைக்கிள் சரியானால் எங்கே போகலாம்?

பாதைக்காரர்

மடிக்காத சைக்கிளை எம்ஆர்டியில் ஏற்ற முடியாது. மடக்கு சைக்கிளுக்கே மடித்தபின் 120க்கு 70க்கு 40 செண்டிமீட்டர் என்று அளவு உண்டு. பிரேக் சரியில்லாத வண்டியை ஈசூனிலிருந்து ஓட்டிவரச் சொல்லவும் கூடாது. முன்சக்கரத்தைக் கழற்றினால் பின்னிருக்கை மடியும் பெரிய வாடகைக் காரில் வைத்துவிடலாம். ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பழைய போர்வை ஒன்றைக் கொண்டுபோங்கள். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தைக் கழற்றியபின் பிரேக் பிடியைத் தவறியும் அழுத்தக்கூடாது. ஹைட்ராலிக் (திரவ அழுத்த) வகையானால் பிரேக் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே போகாது. இரண்டு பட்டைக்கும் நடுவில் மடித்த அட்டைத்துண்டைச் செருகிவையுங்கள்.

புக்கிட் பாத்தோக்கில் இருந்துகொண்டு ரயில் பாதையை விட்டுவிடாதீர்கள். பழைய மலாயா ரயில்தடம், இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவுமான பாதை, மொத்தம் 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் ஓடியது, மறுநாள் நிலம் சிங்கப்பூர் வசமானது. அப்பர் புக்கிட் தீமா சாலையில் ரயில் மால் பக்கத்து இரும்புப் பாலத்தருகே ஏறி, தெற்கே ஓட்டினால் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் வரும். தட்டையான தடம், போக்குவரத்து விளக்கு கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசலாம், பேசாமலும் இருக்கலாம். மழை பெய்த மறுநாள் சில இடங்களில் சேறு நிற்கும், மெல்லிய டயர் வழுக்கும்.

புலாவ் உபின் என்றால் சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ரொக்கம் கொண்டுபோங்கள். உங்கள் சைக்கிளைச் சுமந்துபோகாமல் தீவிலேயே வாடகைக்கு எடுங்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, கியரை ஒருமுறை மாற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கெத்தாம் மலைச்சைக்கிள் தடம் கல்லும் சரிவுமாக இருக்கும், முதல்முறை போகிறவர் செக் ஜாவா பக்கம் போகலாம்.

வானிலை: ஜூனில் விடியலிலும் முற்பகலிலும் சுமத்ரா காற்றுமழை சட்டென்று வரும். மேற்கே கருப்பாக இருந்தால் ஒருமணி நேரம் தள்ளிப் புறப்படுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25. இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு கட்டாயம். சாலையில் இறங்கினால் தலைக்கவசமும் கட்டாயம், நீங்கள் எங்கே ஓட்டினாலும் இருவருமே போட்டுக்கொள்ளுங்கள்.

மாமாக் அடுப்பு

சமையலுக்கு மீ கோரெங் (வறுத்த நூடல்ஸ்) செய்யுங்க. பிரியாணியில் கை வைக்காதீங்க. அது பிசகினா மூணு மணி நேர உழைப்பு போச்சு, அன்னைக்கு ராத்திரி சாப்பாடும் போச்சு. மீ கோரெங் ஒரு தட்டு நாலு நிமிஷம். முதல் தட்டு சரியா வரலைன்னா ரெண்டாவது தட்டுல சரி பண்ணிக்கலாம்.

மிளகாய் விழுதை முந்தினநாளே செஞ்சு வைங்க. காய்ந்த மிளகாய் 15, விதையை உதறிட்டு வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைங்க. சின்ன வெங்காயம் 5, பூண்டு 3 பல் சேர்த்து அரைங்க. நாலு மேசைக்கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கிளறணும். எண்ணெய் ஓரத்தில் பிரிஞ்சு, நிறம் செங்கல் மாதிரி இருண்டு, மூக்கை அடிக்கிற நெடி அடங்கினா ஆச்சு. அதுக்கு முன்னாடி இறக்கினா பச்சை வாடை கடைசிவரை போகாது. சன்னலைத் திறந்து வைங்க, ஈரறை வீட்டில் இந்த நெடி படுக்கையறைவரை போகும்.

ரெண்டு பேருக்கு மஞ்சள் மீ 400 கிராம். கொதிநீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்தா சுண்ணாம்பு வாடையும் மேலே பூசின எண்ணெயும் போயிடும். வடிகட்டி, பரத்தி, ஆறவிடுங்க. தண்ணி சொட்டச் சொட்ட வாணலில் போட்டா மீ வதங்காது, வெந்து கூழாகும்.

ஒரு நேரத்தில் ஒரு தட்டு மட்டும். கடை அடுப்பில் நாலு தட்டைச் சேர்த்துப் போடலாம், வீட்டு அடுப்புக்கு அந்தச் சூடு கிடையாது. கூட்டம் சேர்ந்தா தண்ணி விடும், நீங்க எதிர்பார்க்கிற அந்த வாணல் மணம் வராது. மின்னடுப்புன்னா குழிவான வாணல் வேணாம், அகலமான தட்டை வாணல்தான் சூட்டைப் பிடிக்கும்.

வாணல் புகையிற சூட்டுக்கு வந்ததும் ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெய். விரல் தடிமன் கோழித்துண்டு 100 கிராம், நிறம் மாறினதும் அவிச்ச உருளைக்கிழங்கு அரை, பொரிச்ச தாவ்குவா (கெட்டி டோஃபு) அரைக்கட்டி. மிளகாய் விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கிச்சாப் மானிஸ் (இனிப்பு சோயா சாஸ்) ஒரு தேக்கரண்டி, சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி. பாதி மீயைப் போட்டுப் புரட்டுங்க. நசுக்கக் கூடாது, அடியிலிருந்து அள்ளிக் கவிழ்க்கணும். அப்புறம் மீயை ஓரமா ஒதுக்கி, காலி இடத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு முட்டையை உடைங்க. பாதி கெட்டிப்பட்ட பிறகுதான் மீயோடு சேர்க்கணும். உடனே கலந்தா மீ மேல சளசளன்னு பூசிக்கும். கடைசியா ஒரு பிடி தவ்கே (முளைப்பயறு), ஒரு பிடி சாய் சிம் (சீனக் கீரை), முப்பது விநாடி, இறக்கிடுங்க. எலுமிச்சை, வெள்ளரி, பக்கத்தில் கொஞ்சம் தக்காளி சாஸ்.

முதல் தட்டை நீங்க போடுங்க, அவன் பக்கத்தில் நின்னு பார்க்கட்டும். ரெண்டாவது தட்டு அவன் கையால். அந்தத் தட்டை நீங்க சாப்பிடுங்க.

மத்த நாளைக்குப் பெரிசா எதுவும் வேணாம். ரொட்டி, முட்டை, மைலோ, வாழைப்பழம், உறைபெட்டியில் பொரிக்கத் தயாரா கோழி. ராத்திரி பதினொரு மணிக்குப் பசிக்கும், கேட்காம எடுத்துச் சாப்பிடலாம்னு முதல் நாளே சொல்லிடுங்க. முட்டை ஒரு பெரிய அட்டைத்தட்டு முழுசா வாங்கி வைங்க. பத்து முட்டை ரெண்டு நாள்கூட வராது.

செம்பவாங் அக்கா

தாய்மார் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் தம்பி. அவன் அம்மாவிடம் நீங்களாகவே கேட்க வேண்டிய மூன்று நான்கு விஷயம் உண்டு. ஒவ்வாமை என்னென்ன, ஆஸ்துமா மருந்து வைத்திருக்கிறானா, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் எதைக் கடிக்கக்கூடாது, இரவில் மாட்டும் ரிட்டேனர் உண்டா. ரிட்டேனரைத் திசுத்தாளில் சுற்றி மேசையில் வைத்து, குப்பை என்று வீசப்படுவது அடிக்கடி நடப்பது. அதற்கென்று ஒரு டப்பா வாங்கிக் குளியலறையில் வையுங்கள்.

இதைக் குறுஞ்செய்தியில் நேராக அவரிடமே கேளுங்கள். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுடா" என்று பையனைத் தூதனுப்ப வேண்டாம். பணம், நேரம், அடுத்த விடுமுறை, எதற்கும் அவனைத் தூதாக்க வேண்டாம். அவன் அம்மாவோடு பேசும்போது எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுங்கள். முடித்துவிட்டு வந்தால் "என்ன சொன்னாங்க?" என்று கேட்காதீர்கள். அம்மா வீட்டில் யார் வருகிறார்கள், என்ன வாங்கினார்கள் என்பதையும் கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும், இந்த வாரம் முழுவதும் வேவு பார்க்கத்தான் என்று அவனுக்குத் தோன்றிவிடும்.

கன்சோல் வாங்கினால் அந்த வீட்டில் கிடைக்காதது இந்த வீட்டில் கிடைக்கிறது என்று ஆகும். அம்மா சம்பளத்தில் அது முடியாமல் இருக்கலாம். அந்தச் சங்கடத்தைப் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள்.

ஜூரோங் கண்ணன்

அக்கா சொல்றது நியாயம், கன்சோல் வாங்கச் சொன்னதை விட்டுடறேன். ஆனா கேமையே ஒதுக்க வேணாம். அவன் ஏற்கெனவே மடிக்கணினிலயோ கைப்பேசிலயோ ஏதாவது ஆடுவான். அதை உங்களுக்குக் கத்துக்கொடுக்கச் சொல்லுங்க. ஆட்டத்துக்கு நடுவுல கேள்வி கேட்காதீங்க, நிறைய ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. "சாப்பிட வா" என்பதைவிட "இந்த ரவுண்டு முடிஞ்சதும் வா" என்றால் வந்துடுவான். வைஃபை ரவுட்டர் கூடத்துல இருந்து அறைக்கதவை மூடினா வேகம் குறையும், அவன் வர்றதுக்கு முன்னாடி அறைக்குள்ள நின்னு சோதிச்சுப் பாருங்க.

புக்கிட் பாத்தோக் அப்பா

இரண்டு கேள்வி மிச்சம். சைக்கிள் பிரேக் சத்தத்துக்கு என்ன செய்வது? இரண்டாவது, ஒருநாள் முழுக்க அவன் எதுவும் வேண்டாம் என்று அறையிலேயே இருந்தால்?

ஆசிரியை மேற்கு

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன். இருக்கட்டும். மூன்றாம் நான்காம் நாளில் அப்படி ஒரு நாள் வரும், அதற்காகவே ஒரு நாளைத் திட்டமில்லாமல் விட்டுவையுங்கள். மதியம் ஒருமுறை கதவைத் தட்டி, சாப்பாடு மேசையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லையா? அப்பாமேல கோபமா?" என்று துருவ வேண்டாம். சொந்த வீட்டில்தான் பிள்ளைகள் ஒன்றும் செய்யாமல் இருப்பார்கள், விருந்துக்குப் போன இடத்தில் அப்படி இருக்க மாட்டார்கள். மாலையில் நீங்கள் கடைக்குப் போகும்போது "வர்றியா?" என்று ஒரு வார்த்தை. வராவிட்டால் என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போய்வாருங்கள்.

கிரீஸ் கை

சத்தத்துக்கு முக்கால்வாசிக் காரணம், செயினுக்குத் தெளித்த எண்ணெய் வட்டில் (பிரேக் பட்டைகள் பிடிக்கும் டிஸ்க்) பட்டது. டிஸ்க் பிரேக் வண்டிக்கு ஸ்பிரே எண்ணெய் வேண்டவே வேண்டாம், சொட்டு எண்ணெய்தான். வட்டைக் கையால் தொடவும் கூடாது, விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே போதும்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். வட்டின் இரண்டு பக்கத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால், துணி அழுக்காகாமல் வரும்வரை துடையுங்கள். பட்டைகளை எடுத்துப் பாருங்கள். மேலே மட்டும் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தால் தட்டையான இடத்தில் உப்புத்தாளை வைத்து அதன்மேல் எட்டு வடிவத்தில் தேய்த்தால் போதும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தூளை மூச்சில் இழுக்காதீர்கள். எண்ணெய் உள்ளே ஊறிக் கறுத்திருந்தாலோ, உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தாலோ புதிய பட்டைதான். பழைய பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வடிவம் பிரேக்குக்குப் பிரேக் மாறும், பெயரைச் சொல்லி வாங்கினால் பாதி நேரம் பொருந்தாததுதான் வரும். பிரேக் பிடி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை வீட்டில் முயல வேண்டாம், கடையில் கொடுங்கள்.

புதிய பட்டை போட்ட உடனே பிடிக்காது. காலியான பாதையில் மிதமான வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெல்லப் பிடித்து, நடைவேகத்துக்குக் குறைத்து விட்டுவிட வேண்டும். முன்பிரேக் இருபது தடவை, பின்பிரேக் இருபது தடவை. பத்துப் பன்னிரண்டாவது தடவையிலிருந்து பிடி இறுகுவது கையில் தெரியும், சத்தமும் அடங்கும். இது முடியாமல் ரயில் பாதைக்குப் புறப்பட வேண்டாம். பட்டையையும் ஆல்கஹாலையும் அவன் வருவதற்கு முந்தின வாரமே வாங்கி வைத்துவிடுங்கள், ஆனால் பிரிக்காமல் வையுங்கள்.